தலைமாட்டுச் சுவரில் ஓடும் மோட்டார்

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. நம் பனியனை வாங்கும் பையரைப் பார்க்க மும்பைக்குப் போனவன், ஹோட்டலில் நன்றாகச் சாப்பிட்டு, ஏசி அறையில் படுத்துத் தூங்கி, நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாமல் இருப்பவள் உன் பெண்டாட்டி நித்யா. மடத்துக்குளத்தில் அவள் அப்பா வீட்டில், மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கயிறு அவள் கைக்கு ஏறியதற்கு நீதான் காரணம். இதை நேரிலேயே சொல்லலாம். ஆனால் நேரில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்னம்மா? என்ன சொன்னே?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாய். நான் கத்த வேண்டியிருக்கும். தெருவுக்கே கேட்கும், உனக்கு மட்டும் கேட்காது. போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. இதை உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. உன் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போகிறேன். உன் அப்பா படித்தாலும் சரி, வீடு கூட்ட வருகிறவர் படித்தாலும் சரி, எனக்கு வெட்கமில்லை.

கல்யாணமான புதிதில் அந்தத் தொட்டியை நீ கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்து மாடி ஹாலில் இறக்கியபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடல் மீன், கடல் செடி, நீல விளக்கு. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்காது? கடைக்காரர் வந்து பொருத்தித் தருகிறேன் என்றார். நீ விடவில்லை. "நிட்டிங் மிஷினையே எறக்கி ஓட்டறவன், இந்தச் சுண்டைக்கா மோட்டாரை மாட்ட மாட்டனா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாய். கீழே இருக்கும் மரப்பெட்டிக்குள் ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் அதில் சுத்தமாகும். அதை மறுபடி மேலே ஏற்ற ஒரு மோட்டார். அந்த மோட்டார் ஓடும்போது கொஞ்சம் அதிர்ந்தது. நம் வீட்டு ஆண்களுக்கு மோட்டார் அதிர்ந்தால் ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும், போல்ட் போட்டு இறுக்குவது. கம்பெனியில் கம்ப்ரசரை இறுக்குவீர்கள், ஃபேனை இறுக்குவீர்கள், ஆடும் நாற்காலியைக்கூட இறுக்குவீர்கள். நீ அந்த மோட்டாரைப் பெட்டியின் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினாய். பெட்டியைச் சுவரோடு சேர்த்து இறுக்கினாய். தண்ணீர் ஏறும் கெட்டி பைப்பையும் கிளாம்ப் அடித்து அதே சுவரில் இறுக்கினாய். எல்லாம் முடிந்ததும் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி பூகம்பம் வந்தாலும் ஆடாது" என்றாய். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் படுக்கையறை. அங்கே சுவரை ஒட்டித்தான் உங்கள் கட்டில் இருக்கிறது. சுவரோரம் படுப்பவள் நித்யா, நீ கதவோரம். இது எதுவும் அன்றைக்கு உன் தலையில் ஏறவில்லை.

அந்தப் பெண் எடுத்த எடுப்பில் சண்டைக்கு வந்தாளா? இல்லை. எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! ஒருநாள் காலையில் நீ டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சட்னி ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க, சுவத்துக்குள்ள என்னமோ ஓடற மாதிரியே இருக்குதுங்க. தலை வெச்சாத் தூக்கமே வரமாட்டேங்குதுங்க" என்றாள். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றாய். அடுத்த வாரமும் சொன்னாள். "புது ஊடு, புது எடம், பழகிரும்" என்றாய். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், கண் எரிகிறது என்று மத்தியானம் என் அறையில் வந்து சுருண்டு படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அப்புறமும் சொன்னாள். அதற்கு நீ செய்தது என்ன தெரியுமா? உன் அப்பாவை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாய், சாட்சிக்கு! முப்பது வருஷமாக நிட்டிங் மிஷின்களுக்கு நடுவில் நின்று, இரண்டு காதும் போய், கீழே டிவியை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நம் சீரியலின் கதையைச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்ட மனுஷன். அவர் அறை நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்து, கூரையைப் பார்த்துவிட்டு, "எங்கடா சத்தம்? ஊடு கம்முனுதான இருக்குது!" என்றார். அவர் அதைச் சொன்ன சத்தத்தில் கீழே இருந்த எனக்குக் காது அடைத்தது. நீ நித்யாவைப் பார்த்து, "பாத்தியா? அப்பாவுக்கும் கேக்கலியாம்" என்றாய். அவள் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாளாம். ஒரு செவிடன் கேட்கவில்லை என்று சொன்னதற்கு இன்னொரு செவிடன் சாட்சி. இப்படி ஒரு பஞ்சாயத்தை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறாயா?

அதோடு விட்டிருந்தால்கூட இவ்வளவு கோபம் எனக்கு வந்திருக்காது. அவளைக் கோயமுத்தூருக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். காது டாக்டரும் பார்த்தார். காது பளிங்கு மாதிரி இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். காதில் குறை இல்லை என்றால் அவள் சொல்லும் சத்தம் நிஜமாக இருக்கலாமே என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். உனக்கு அது தோன்றவில்லை. காதில் குறையில்லை, அப்படியானால் மூளையில் என்று கணக்குப் போட்டாய். அவள் அப்பா அம்மாவை வரவழைத்தாய். நம் ஹாலில், சம்பந்தி கையில் நான் கொடுத்த காபி டம்ளர் இருக்கும்போதே, "உங்க பொண்ணுக்குச் சத்தம் கேக்குதுங்க மாமா. ஊட்டுல யாருக்கும் கேக்காத சத்தம் அதுக்கு மட்டும் கேக்குது. கொஞ்ச நாள் அங்க வெச்சுப் பாருங்க" என்றாய். அந்த மனுஷன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பளைங்க, பொண்ணு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நித்யா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தடுத்தேன். "அம்மா, நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது" என்றாய். எனக்குத் தெரியாதா? சரி, தெரிந்துகொண்டேன். கேள்.

நீ மும்பைக்குக் கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு, தெருவில் வண்டி சத்தம்கூட இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தாயே, அதற்காக முட்டி வலியோடு மாடி ஏறினேன். ஊற்றி முடித்ததும் திரும்ப இறங்கத் தெம்பில்லாமல் உங்கள் கட்டிலில் சாய்ந்தேன். சுவரோரமாக, அவள் படுக்கும் பக்கம். தலையணையில் தலை வைத்ததும் கேட்டது, ஐயா. பக்கத்து வீட்டில் யாரோ ஓயாமல் கிரைண்டர் ஓட்டுகிற மாதிரி, அடியில் ஒரு உறுமல். அதற்கு மேலே பல் கூசுகிற மாதிரி மெல்லிசாக ஒரு கீச்சு. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. கதவோரம், நீ படுக்கும் இடத்தில் படுத்துப் பார்த்தேன். உறுமல் லேசாகத்தான் வந்தது. மறுபடி சுவரோரம் வந்து தலை வைத்தேன். மண்டைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம் எனக்குத் தாங்கவில்லை. அவள் தினமும் படுத்திருக்கிறாள், நாம் எல்லோரும் அவளுக்குப் பைத்தியம் என்று சொல்வதையும் கேட்டுக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் இன்னும் போகவில்லை.

எழுந்து ஹாலுக்கு வந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். இதைச் செய்ய என்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவிட்சைப் போட்டு அணைக்க வேண்டும், அவ்வளவுதான். பால்கனியில் இருக்கும் தண்ணீர் குளிர வைக்கும் மிஷினை அணைத்தேன், சுவரில் மாற்றமில்லை. நுரை கட்டி அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரை அணைத்தேன், மாற்றமில்லை. தண்ணீர் ஏற்றும் மோட்டாரை அணைத்ததும் சுவர் செத்ததுபோல் நின்றது. போட்டேன், மறுபடி உறுமியது. நீ மாதக்கணக்கில் டாக்டர் டாக்டராக அலைந்து கண்டுபிடிக்காததை நான் நைட்டியோடு நின்று கண்டுபிடித்தேன்.

உடனே சரி செய்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். நானும் இந்த ஊர்க்காரிதானே! அதிர்கிற எதற்கும் அடியில் பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துணியைத் திணிப்பது நம் பழக்கம். தையல் மிஷின் ஆடினாலும் அதுதான், கதவு இடித்தாலும் அதுதான். கீழே மூட்டையிலிருந்து நல்ல மெத்தென்ற துண்டுகளாகப் பொறுக்கி, பைப்பைச் சுற்றிக் கட்டி, பைப் சின்னத் தொட்டிக்குள் இறங்கும் சந்திலும் அடைத்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று டீ போடப் போனேன். திரும்பி வந்தால் பெட்டிக் கதவு இடுக்கு வழியாக நுரை வழிந்து ஹால் பூராவும் பரவிக்கொண்டிருந்தது. துணி தண்ணீரில் இறங்கி, அதில் போட்டிருந்த சாஃப்ட்னர் கரைந்து, ஸ்கிம்மர் பொங்கித் தள்ளிவிட்டது. துணி மெத்தென்று இருப்பதே அந்த மருந்தால்தான் என்று தெரிந்த நானே அதைக் கொண்டுபோய் மீன் வாயில் ஊற்றியிருக்கிறேன். பதறிப்போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வீடியோவில் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். "மொதல்ல அந்தத் துணியை எடுங்கம்மா. ஸ்கிம்மரை ஆஃப் பண்ணுங்க. கரி மூட்டை ஒண்ணு குடுத்தனே, அதைத் தண்ணி ஓடற எடத்துல போடுங்க. உப்புத் தண்ணி கலக்கி வெச்சிருக்கீங்களா? கொஞ்சம் மாத்துங்க" என்றார். மீன்கள் பிழைத்துக்கொண்டன. அந்த ஆரஞ்சு மீன் மட்டும் ஒருநாள் முழுக்க என்னை முறைத்தது.

நுரை அடங்கியபின் அவர் மோட்டாரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "ஏனுங்கம்மா, யாருங்க இதைப் போல்ட் போட்டு இறுக்குனது?" என்றார். என் மகன் என்றேன். "அய்யோ, இறுக்கக் கூடாதுங்க. காங்கிரீட் தரையில கெனமான மிஷினை இறுக்கலாம். பலகைப் பொட்டியில இறுக்குனா, மோட்டாரோட ஆட்டம் அத்தனையும் பொட்டிக்குப் போவும். பொட்டி மத்தளமாட்டம் வாசிக்கும். பொட்டி சுவத்துல ஒட்டியிருந்தா சுவரும் சேந்து வாசிக்கும். இது தளர்வா, மெத்து மேல உக்காந்திருக்கோணுங்க" என்றார். மெத்தென்ற சிலிக்கான் பாயையும் வளையும் குழாயையும் பஸ்ஸில் பார்சல் போட்டு விட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மெயினை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றினேன். மோட்டாரைப் பாயின் மேல் சும்மா உட்கார வைத்தேன், எந்தப் பக்கமும் பலகையைத் தொடாமல். கெட்டி பைப்பின் நடுத்துண்டைக் கழற்றிவிட்டு வளையும் குழாயை மாட்டினேன், ஆட்டம் அதைத் தாண்டி மேலே ஏறாது. கிளாம்பை எடுத்தேன். பெட்டியைச் சுவரோடு இறுக்கியிருந்த ஸ்குருவையும் எடுத்துவிட்டேன். பின்னால் ஒரு விரல் நுழையும் அளவு முதலிலேயே இடம் இருந்திருக்கிறது, நடுவில் நீ கட்டை வைத்து முட்டுக் கொடுத்திருந்தாய். கட்டையை உருவினேன். அந்தக் கனமான தொட்டியை அசைக்க வேண்டியே இல்லை. கடைசியாக மோட்டாருக்குள் சுழலும் சின்னச் சக்கரத்தை எடுத்தால், அதன் மேல் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவி மாட்டினேன். கீச்சு என்ற சத்தம் அதோடு ஒழிந்தது. இன்னொன்றும் சொன்னார். கீழ்த்தொட்டியில் தண்ணீர் வற்றினால் மோட்டார் காற்றை உறிஞ்சிக் களகளவென்று கத்துமாம். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அல்ல, அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டுமாம். உனக்கும் அவர் இதையெல்லாம் சொன்னாராம். உன் காதில் விழவில்லை போலிருக்கிறது.

அப்புறம் போய் அவள் இடத்தில் படுத்தேன். ஒன்றுமில்லை. ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. மடத்துக்குளத்துக்குப் போன் போட்டேன். "கண்ணு, சத்தம் இருந்துச்சு. நானே கேட்டேன். மோட்டார்தான்" என்றேன். நித்யா, "அத்தை, நெசமாவே கேட்டுதுங்களா? இல்ல எனக்காவச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். டிகிரி முடித்து, அவள் அப்பாவின் தோட்டத்துக் கணக்கு முழுவதையும் பார்த்த பெண், தன் காதைத் தானே நம்ப முடியாமல் நிற்கிறாள். நான் சத்தியம் பண்ணியும் அவள் பாதிதான் நம்பினாள். "எங்கூட்டுல எல்லாரும் கயிறு கட்டுனதுல இருந்துதான் கொஞ்சம் தேவலைங்கறாங்க அத்தை. அங்க சத்தம் இல்லாததால தூங்கறேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள். நீ எடுத்துக்கொண்டது அவள் தூக்கத்தை மட்டுமா? அவள் புத்தியையே அவளுக்குச் சந்தேகமாக்கிவிட்டாய். பாவி, அந்த வார்த்தையை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், அதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

உனக்கு ஏன் கேட்கவில்லை என்று உனக்கே தெரியும். கம்பெனியில் பையர் அனுப்பும் பாதுகாப்பு ஆடிட் வருகிறது என்றால் மட்டும் டப்பாவைத் திறந்து எல்லோர் காதிலும் அந்த மஞ்சள் அடைப்பானைச் செருகிவிடுவாய். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாம் திரும்ப டப்பாவுக்குள் போய்விடும். உன் காதிலிருந்துதான் முதலில் வெளியே வரும். "அதை மாட்டுனா மிஷினோட சத்தம் தெரிய மாட்டேங்குது" என்பாய். உன் அப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், பார், இப்போது எப்படி இருக்கிறார் என்று. நூல் அறுந்தால் மிஷின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசுவாய், பெண்டாட்டி எட்டடி தூரத்தில் கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். கெட்டது உன் காது. டாக்டரிடம் போனது அவள். உனக்குக் கேட்காதது உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்ட நீ யார்? உனக்குக் குழந்தை பிறந்து, அது ராத்திரி அழுது, உனக்குக் கேட்கவில்லை என்றால் அது அழவில்லை என்று சொல்வாயா? கூட வாழ வந்தவள் வலிக்கிறது என்றால், கேட்கிறது என்றால், நாறுகிறது என்றால், நீ முதலில் எழுந்து அவள் நிற்கும் இடத்தில் போய் நில். அவள் படுக்கும் இடத்தில் படு. நீ உன் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லாதே. உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

இப்போது நான் செய்திருப்பதைக் கேள். சரி செய்த எல்லாவற்றையும் இன்று காலையில் பழையபடி மாற்றிவிட்டேன். பாயை உருவி எடுத்துவிட்டு மோட்டாரைப் பலகையில் வைத்து இறுக்கினேன். கெட்டி பைப்பை மாட்டி, கிளாம்பை அடித்து, பெட்டியைச் சுவரோடு முடுக்கி, பின்னால் கட்டையையும் செருகிவிட்டேன். சுண்ணாம்பை மட்டும் திரும்ப ஒட்டவைக்க முடியவில்லை. அதனால் கீச்சு இல்லை, உறுமல் முழுசாக இருக்கிறது. மீன்களுக்கு ஒன்றும் ஆகாது, அவை இத்தனை நாள் இருந்த மாதிரிதான் இருக்கின்றன. நான் சரி செய்து வைத்துவிட்டுப் போனால், நீ வந்து படுத்து, "பாத்தியா, சத்தமே இல்லை, அப்பவே சொன்னனே" என்பாய். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். பாயும் குழாயும் ஸ்பானரும் பெட்டியின் பக்கத்தில் இருக்கின்றன.

வந்ததும் குளித்துவிட்டு அவள் பக்கம் படு. சுவரோடு தலையை ஒட்டி வை. கேட்கவில்லை என்றால் உள்ளங்கையைச் சுவரில் வை, கைக்குச் செவிடு வராது. கையில் தெரிந்தது காதில் கேட்கவில்லை என்றால், நாளைக்கே போய் உன் காதைக் காட்டு. அப்புறம் உன் கையாலேயே போல்ட்டைக் கழற்று. எல்லாம் முடிந்த பிறகு மடத்துக்குளத்துக்கு வண்டியை எடு. அன்றைக்கு நம் ஹாலில் எந்த அப்பா அம்மா முன்னால் சொன்னாயோ, அவர்கள் முன்னாலேயே, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சத்தம் இருந்துதுங்க. எனக்குத்தான் கேக்கல" என்று சத்தமாகச் சொல். சொன்னதும் அவள் உன்னோடு கிளம்பி வந்துவிடுவாள் என்று நினைக்காதே. வருவதும் வராததும் அவள் இஷ்டம். உன் அப்பாவுக்குச் சாப்பாடு வைத்திருக்கிறேன், ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது. நான் மடத்துக்குளத்துக்குக் கிளம்புகிறேன். நீ வந்து அதைச் சொல்லும்வரை நான் அவள் பக்கம்தான்.